இல்லத்தில் வண்ணமீன் உற்பத்தி: இறங்குமுன் எண்ண வேண்டியவை

தொட்டியில் நீந்தும் மீன்களைக் கண்டு களிப்பது நம் மக்களுக்குப் புதியதன்று. 1909 ஆம் ஆண்டிலேயே சென்னைக் கடற்கரையில் மீன் காட்சிச்சாலை ஒன்று பொதுமக்களுக்காகத் திறக்கப்பெற்றது. அன்று காட்சிச்சாலைக்குச் சென்று பெற்ற மகிழ்ச்சியை இன்று பட்டணத்து வீடுகள் மட்டுமன்றிச் சிற்றூர்க் கடைகளும் தம் கூடத்திலேயே பெற்று வருகின்றன. இத்தொட்டிகளுக்கெல்லாம் மீன் எங்கிருந்தேனும் வந்தாக வேண்டுமன்றோ? தமிழ்நாட்டில் இத்தொழிலுக்குப் பெயர் பெற்ற இடம் சென்னையைச் சார்ந்த கொளத்தூர். அங்கே வீட்டுக் கொல்லையிலும் மொட்டை மாடியிலும் தொட்டி அமைத்து, குடும்பத்தினர் அனைவரும் கைகொடுத்து மீன் வளர்த்து வருகின்றனர்.

இதைக் கேள்வியுற்ற நம் விவசாயிகள் சிலர், “எங்கள் கொல்லையில் இடமிருக்கிறது, கிணறும் இருக்கிறது, நாங்களும் இதனைச் செய்யலாமா?” என்று பஞ்சாயத்து அங்கத்தினர்களை வினவுகின்றனர். செய்யலாம்; ஆயின் யாவரும் செய்யலாம் என்பதில்லை. மீனைக் குஞ்சு பொரிக்கச் செய்வது எளிது. அக்குஞ்சை ஆளாக்குவதும், ஆளாக்கியதை விற்பதுமே தொழில். இவ்வுண்மையை முதலிலேயே உணர்ந்தவர் நஷ்டமடைவதில்லை. உணராதவரோ கடன் வாங்கித் தொட்டி கட்டி, ஓராண்டிற்குள் அத்தொட்டியில் விறகு அடுக்கும் நிலைக்கு வந்துவிடக் கூடும்.

எதற்காக வளர்க்கிறோம்?

முதலில் நோக்கத்தைத் தெளிவு செய்துகொள்ள வேண்டும். நோக்கம் மூவகைப்படும். முதலாவது, மகிழ்ச்சியும் அறிவும். ஓர் உயிர் தோன்றி வளர்வதைக் குழந்தைகள் அன்றாடம் கண்டறிவதற்கு மீன் தொட்டியினும் சிறந்த பாடப் புத்தகம் இல்லை. இதற்கு ஒரு தொட்டி போதும். வருமானக் கணக்கே வேண்டியதில்லை. இரண்டாவது, உபதொழில். கறவை மாடும் கோழியும் போலக் குடும்ப வருமானத்திற்குத் துணையாக ஐந்தாறு தொட்டிகளில் நடத்துவது இது. மூன்றாவது, முழுநேரத் தொழில். இதற்கு முதலும் அனுபவமும் நிலையான சந்தையும் தேவை. முதல் நோக்கத்தோடு தொடங்கி இரண்டாவதற்கும், அதில் தேர்ந்த பின் மூன்றாவதற்கும் செல்வதே பாதுகாப்பான வழி. எடுத்த எடுப்பில் மூன்றாவதில் கால் வைப்பது, நீந்தத் தெரியாதவர் ஆழக் கிணற்றில் குதிப்பதை ஒக்கும்.

குட்டி போடுவனவும் முட்டையிடுவனவும்

வண்ண மீன்களில் உயிருள்ள குஞ்சுகளை ஈனுவன ஓரினம், முட்டையிடுவன மற்றோரினம். கப்பி, மோலி, பிளாட்டி, வாள்வால் மீன் ஆகியவை முதல் இனத்தைச் சேர்ந்தவை. இவற்றின் குஞ்சுகள் பிறந்தவுடனே நீந்தும். தூளாக்கிய தீவனத்தையும் உண்ணும். ஆகவே புதியவர்க்கு ஏற்றவை இவையே. மேலும் இவை சற்றே கடினமான நீரை விரும்புவன. உப்பு மிகுந்திராத, ஆனால் சோப்பு நுரைக்காத கிணற்று நீர் உள்ள ஊர்களில் இவை நன்கு வளரும்.

பொன்மீன், சண்டை மீன், ஏஞ்சல், கௌராமி முதலியன முட்டையிடுவன. பொன்மீன் ஒருமுறையில் பல நூறு முதல் சில ஆயிரம் முட்டைகள் வரை இடும். முட்டைகள் நீர்ச்செடியின் வேரிலோ நைலான் இழைக் கொத்திலோ ஒட்டிக்கொள்ளும். தாய் மீனும் தந்தை மீனுமே அவற்றைத் தின்றுவிடுமாதலால், முட்டையிட்டவுடன் பெரிய மீன்களை வேறு தொட்டிக்கு மாற்ற வேண்டும். இரண்டு மூன்று நாட்களில் குஞ்சு பொரிக்கும். ஆனால் அக்குஞ்சுகள் தொடக்கத்தில் பொன்னிறமாக இரா. மங்கிய பழுப்பு நிறமாகவே இருக்கும். நிறம் மாறப் பல வாரங்கள் காத்திருக்க வேண்டும். அதுவரை தீவனச் செலவு உண்டு, வரவு இல்லை.

சண்டை மீனின் இயல்பு இன்னும் வியப்பிற்குரியது. ஆண் மீன் நீர்ப்பரப்பில் குமிழிகளால் கூடு கட்டி, முட்டைகளை வாயால் பொறுக்கி அதில் வைத்துக் காக்கும். முட்டையிட்டு முடிந்ததும் பெண் மீனை எடுத்துவிட வேண்டும். குஞ்சுகள் தாமே நீந்தத் தொடங்கியதும் ஆண் மீனையும் எடுத்துவிட வேண்டும். வளர்ந்த ஆண்கள் ஒன்றையொன்று கடித்துக் குதறுமாதலால் ஒவ்வொன்றையும் தனித்தனிப் புட்டியில் வைத்தல் அவசியம். நூறு ஆண் மீனுக்கு நூறு புட்டி. நூறு புட்டிக்கும் அடிக்கடி நீர் மாற்றம். இவ்வுழைப்பிற்கு ஆள் உண்டா என்பதை எண்ணிய பின்னரே இதனைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பத்துத் தாய் மீன்களின் கணக்கு

கப்பி மீனையே எடுத்துக்கொள்வோம். மூன்று பெண்ணிற்கு ஓர் ஆண் என்ற அளவில், பத்துப் பெண் மீன்களையும் மூன்று நான்கு ஆண் மீன்களையும் ஒருவர் வாங்கிவிடுகிறார் எனக் கொள்வோம். பெண் மீன் ஏறத்தாழ நான்கு வாரத்திற்கு ஒருமுறை ஈனும். ஓர் ஈற்றுக்குச் சராசரி 30 குஞ்சுகள் எனக் கணக்கிட்டாலும் மாதந்தோறும் 300 குஞ்சுகள் பிறக்கும். ஒருமுறை ஆணோடு சேர்ந்த பெண் மீன், ஆண் துணையின்றியே மேலும் சில மாதங்கள் ஈனும் இயல்புடையது. ஆகவே வேண்டாமென்றாலும் உற்பத்தி நிற்காது.

குஞ்சு விற்பனைக்குரிய பருவம் அடைய மூன்று மாதங்கள் எனக் கொண்டால், எந்நேரமும் மூன்று மாதத்துக் குஞ்சுகள் கையிருப்பில் இருக்கும். பெரியன சிறியனவற்றின் தீவனத்தைப் பறித்துக்கொள்ளும். மிகச் சிறியனவற்றையே விழுங்கியும் விடும். ஆதலால் வயதுக்கு ஒரு தொட்டி வேண்டும். ஒரு மாதம் கடந்ததும் ஆணும் பெண்ணும் பிரிக்கப்பட வேண்டும். இல்லையேல் இளம் பெண் மீன்கள் வளர்ச்சி முற்றுமுன்னரே சினைப்பட்டு, இனத்தின் தரமும் குன்றும். முதல் மாதக் குஞ்சுகளுக்கு ஒன்று, இரண்டாம் மாதத்திற்கு இரண்டு, மூன்றாம் மாதத்திற்கு இரண்டு, தாய் மீன்களுக்கு ஒன்று என ஆறு தொட்டிகள் தேவைப்படும். நீரைச் சேமித்து வைக்க ஏழாவது தொட்டியும் வேண்டும். “ஒரு தொட்டியில் தொடங்குவோம்” என்று பத்துத் தாய் மீன்களை வாங்கியவர் மூன்றே மாதத்தில் ஏழு தொட்டிக்காரர் ஆகிவிடுகிறார்! ஆகவே எத்தனை தொட்டிகள் உள்ளனவோ அதற்கேற்பத் தாய் மீன்களை வாங்க வேண்டுமேயன்றி, தாய் மீன்களை வாங்கிவிட்டுத் தொட்டிக்கு ஓடுதல் கூடாது.

நீரின் கணக்கு

ஒரு மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் உள்ள சிமெண்டுத் தொட்டியில் அரை மீட்டர் உயரம் நீர் நிரப்பினால் அது 500 லிட்டர் கொள்ளும். மேற்கூறிய ஆறு மீன் தொட்டிகளுக்கு 3,000 லிட்டர் ஆகிறது. வாரம் ஒருமுறை கால் பங்கு நீரை மாற்றுவதாயின் 750 லிட்டர் வேண்டும். இது 15 லிட்டர் குடத்தால் 50 குடம். சித்திரை, வைகாசி மாதங்களில் உங்கள் கிணறு இதனைத் தருமா? குடிநீருக்கே வரிசையில் நிற்கும் ஊரில் மீன் தொட்டிக்கு நீர் எடுப்பது முறையாகாது; அயலாரின் மனக்கசப்பிற்கும் இடமாகும்.

நீரை மாற்றுவது எதற்காக? மீனின் கழிவும் எஞ்சிய தீவனமும் நீரில் அம்மோனியா என்னும் நச்சுப் பொருளை உண்டாக்குகின்றன. தொட்டியின் சுவரிலும் மணலிலும் குடியேறும் நுண்ணுயிர்கள் அந்நச்சைச் சிறிது சிறிதாக மாற்றித் தீங்கு குறைந்த பொருளாக்குகின்றன. புதுத் தொட்டியில் இந்நுண்ணுயிர்கள் பெருகச் சில வாரங்கள் ஆகும். புதிய தொட்டியில் ஒரே நாளில் மீன்களை நிறைத்தவர், “காரணமே தெரியாமல் செத்துவிட்டன” என்று வருந்துவதன் காரணம் பெரும்பாலும் இதுவே. சிமெண்டுத் தொட்டியாயின், புதுச் சிமெண்டின் காரம் நீங்குமாறு பல முறை நீர் நிரப்பி வடித்த பின்னரே மீன் விட வேண்டும். குளோரின் கலந்த குழாய் நீரை ஒரு நாளேனும் திறந்த பாத்திரத்தில் வைத்திருந்து பயன்படுத்துதல் நலம்.

வடித்த நீரை வீணாக்க வேண்டியதில்லை. அதில் பயிருக்கு உரமாகும் சத்துகள் உள்ளன. தென்னை, வாழை, கீரைப் பாத்தி ஆகியவற்றிற்குப் பாய்ச்சினால் மீனும் பயிரும் ஒரே நீரில் பிழைக்கும். மருந்தோ உப்போ கலந்த நீரை மட்டும் பயிருக்கு விடலாகாது.

குஞ்சுகளின் உணவு

இத்தொழிலில் மிகுதியான இழப்பு நேரக்கூடிய காலம் குஞ்சுகளின் முதல் இரண்டு வாரங்களே. முட்டையிலிருந்து வந்த குஞ்சின் வாய் மிகச் சிறியது. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களே அதற்கு முதல் உணவு. ஒரு பாத்திரத்து நீரில் வாழைப்பழத் தோலையோ வைக்கோலையோ ஊற விட்டால் சில நாட்களில் நீர் பால் போலக் கலங்கி, பின்னர்த் தெளியத் தொடங்கும். அத்தெளிவில் நுண்ணுயிர்கள் நிறைந்திருக்கும். அதனைச் சிறிது சிறிதாக ஊற்றலாம். சில நாட்கள் கழித்து ஆர்ட்டீமியா என்னும் உப்புநீர்ச் சிற்றுயிரின் குஞ்சுகளைக் கொடுக்கலாம். அதன் முட்டைகளை உப்பு நீரில் இட்டுக் காற்றுச் செலுத்தினால் ஏறத்தாழ ஒரு நாளில் பொரித்துவிடும்.

இங்குக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. இவ்வுணவு, குஞ்சு பொரித்த பின் தேடத் தக்கதன்று; பொரிக்குமுன்பே ஆயத்தமாக இருக்க வேண்டும். மேலும் குஞ்சுகளுக்கு நாள்தோறும் பல முறை சிறு அளவில் உணவிட வேண்டும். காலையில் வயலுக்குச் சென்று மாலையில் திரும்பும் குடும்பத்தில் பகலில் வீட்டிலிருப்பவர் யார்? அவர் மனமுவந்து இப்பொறுப்பை ஏற்பாரா? வீட்டுப் பெண்களைக் கலந்துகொள்ளாமல் ஆண்கள் மட்டும் முடிவு செய்யும் தொட்டி நிலைப்பதில்லை. ஏனெனில் அன்றாட வேலையில் பெரும் பகுதி அவர்கள் தலையிலேயே விழுகிறது.

சந்தையை முதலில் காண்க

தொட்டி கட்டுமுன் அருகிலுள்ள பட்டணத்தில் மூன்று நான்கு வண்ணமீன் கடைக்காரரைக் காணுங்கள். எந்த இனம் விற்கிறது, எந்த அளவில் வேண்டும், மாதம் எத்தனை எடுப்பார், என்ன விலை தருவார், பணம் உடனே தருவாரா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கடையில் நாம் வாங்கும் விலை வேறு. நம்மிடம் கடைக்காரர் வாங்கும் விலை வேறு. முன்னதை வைத்துக் கணக்கிடுபவர் ஏமாற்றமடைவார். ஊரில் அனைவரும் ஒரே இனத்தை வளர்த்தால் அவ்விலையும் இறங்கிவிடும் என்பதைத் தக்காளி பயிரிட்ட நம் விவசாயிகளுக்குச் சொல்லவும் வேண்டுமோ?

செலவுக் கணக்கிலும் ஒரு பிழை வழக்கமாக நேர்கிறது. 300 குஞ்சுகள் பிறந்தன என்றால் செலவை 300 ஆல் வகுத்து ஒரு மீனின் அடக்க விலையைக் கண்டுவிடுகிறோம். அது தவறு. உதாரணமாக, 300 குஞ்சுகளில் நூறு இறக்கலாம். ஐம்பது கூனலாகவோ நிறம் குன்றியோ கழிக்கப்படலாம். மற்றுமோர் ஐம்பது விலை போகாமல் தங்கலாம். விற்பது நூறே எனின், செலவு முழுவதையும் அந்நூறே சுமக்க வேண்டும். மின்சாரம், தீவனம், மருந்து, பிராணவாயு நிரப்பிய பையில் அனுப்பும் செலவு, தொட்டியின் தேய்மானம், வீட்டாரின் உழைப்பு ஆகிய அனைத்தையும் அந்நூற்றால் வகுத்துப் பாருங்கள். அதற்குப் பின்னும் மிச்சம் நின்றால் துணிந்து இறங்கலாம்.

மானியம் பற்றி

2020 ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில், கொல்லைப்புற வண்ணமீன் வளர்ப்பு அலகு ஒன்றின் மதிப்பு 3 லட்சம் ரூபாய் என வகுக்கப்பட்டது. அதில் பொதுப் பிரிவினர்க்கு 40 விழுக்காடும், பெண்களுக்கும் ஆதிதிராவிடர் பழங்குடியினர்க்கும் 60 விழுக்காடும் மானியமாகக் குறிக்கப்பட்டன. இத்தகைய திட்டங்களின் விதிகளும் ஒதுக்கீடும் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடுமாதலால், நடப்பு நிலையை மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டறிதல் வேண்டும். 2012 ஆம் ஆண்டில் நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தோன்றிய மீன்வளப் பல்கலைக்கழகத்தின் கல்லூரிகளிலும் நிலையங்களிலும் பயிற்சி பற்றிக் கேட்கலாம்.

ஆயினும் ஒன்றை நினைவிற் கொள்க. 60 விழுக்காடு மானியம் கிடைத்தாலும் 3 லட்சத்தில் 1,20,000 ரூபாய் நம் கைப்பொறுப்பு. மானியம் உண்டு என்பது தொழிலைத் தொடங்குவதற்குக் காரணமாகாது. தொழில் நமக்கு ஏற்றது என்று சிறு அளவில் செய்து கண்ட பின், அதனை விரிவாக்குவதற்கு மானியம் துணையாகலாம்.

ஊர் ஏரிக்கு நாம் செய்ய வேண்டிய கடமை

பஞ்சாயத்து அங்கத்தினர்கள் சிறப்பாகக் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உள்ளது. விலை போகாத மீனையும், அளவிற்கு மீறி வளர்ந்த மீனையும் கொல்ல மனமின்றி ஏரியிலும் வாய்க்காலிலும் விட்டுவிடுபவர் உண்டு. இரக்கத்தால் செய்யும் இச்செயல் ஊருக்குக் கேடாக முடிகிறது. தொட்டியின் பாசியைத் தின்னும் என்று கடைகளில் விற்கப்படும் உறிஞ்சுவாய்க் கெளுத்தி தென் அமெரிக்காவிற்கு உரியது. கைவிரல் நீளத்தில் வாங்கப்படும் அது ஓரடிக்கு மேல் வளரும். இன்று தமிழ்நாட்டு நீர்நிலைகள் பலவற்றிலும் அது பெருகிவிட்டது. அதன் முள் போன்ற துடுப்பும் கடின உடலும் மீனவரின் வலையைக் கிழிக்கின்றன. கரையில் அது தோண்டும் வளை மண்ணைத் தளர்த்துகிறது. நம் நாட்டு மீன்களின் உணவிற்கும் இடத்திற்கும் அது போட்டியாகிறது. ஒருமுறை ஏரியில் புகுந்த அயல் மீனை முற்றிலும் அகற்றுவது இயலாத காரியம்.

ஆகவே தொட்டி நீரை வடிக்கும் குழாயில் மெல்லிய வலை கட்ட வேண்டும். அந்நீர் வாய்க்காலுக்குச் செல்லாமல் தோட்டத்திலேயே சுவற வேண்டும். மழை வெள்ளம் ஏறும் தாழ்ந்த இடத்தில் தொட்டி அமைக்கலாகாது. கழிக்கப்பட்ட மீனை ஏரியில் விடாமல் மண்ணில் புதைத்து எருவாக்கலாம். பயன்படுத்தாத தொட்டிகளில் மழைநீர் தேங்கினால் டெங்குக் கொசு பெருகுமாதலால் அவற்றைக் கவிழ்த்தோ மூடியோ வைக்க வேண்டும். இவ்விதிகளைப் பஞ்சாயத்தே எடுத்துரைத்து, வளர்ப்பவர்களிடம் ஒப்புதல் பெற்றுக்கொள்வது நன்று.

முடிவு செய்யும் முறை

ஓராண்டு முழுதும் நீர் உண்டா? பகலில் கவனிக்க ஆள் உண்டா? வாங்குவதாகச் சொன்ன கடைக்காரர் இருவரேனும் உளரா? ஆறு மாதம் வரவின்றித் தாங்க முடியுமா? இந்நான்கு வினாக்களுக்கும் “ஆம்” என்று விடை வந்தால் மூன்று நான்கு தாய் மீன்களோடு, இரண்டு மூன்று தொட்டிகளில், கடன் வாங்காமல் தொடங்குக. புதிதாக வாங்கிய மீனை இரண்டு வாரம் தனியே வைத்திருந்து, நோயில்லை என்று கண்டபின் சேர்த்திடுக. பிறந்தது, இறந்தது, விற்றது, செலவழித்தது ஆகிய நான்கையும் ஒரு நோட்டில் நாள்தோறும் குறித்து வருக. ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் கடந்தபின் அந்நோட்டே உங்களுக்கு உண்மையைச் சொல்லும்.

விடை “இல்லை” என்று வந்தாலும் அதில் குறைவொன்றுமில்லை. ஒரு தொட்டியில் நான்கு மீன் வளர்த்துக் குழந்தைகளோடு கண்டு மகிழ்வதை யாரும் தடுக்கவில்லை. ஏற்றதல்லாத தொழிலை முன்கூட்டியே விலக்குவதும் குடும்பத்திற்கு ஒரு சேமிப்பே. பஞ்சாயத்து அங்கத்தினர்கள் தம்மிடம் வந்து வினவுவோர்க்கு ஆர்வமூட்டுவதோடு நில்லாமல், இந்நான்கு வினாக்களையும் அவரோடு அமர்ந்து எண்ணிப் பார்ப்பாராயின், ஊரில் தோன்றும் தொட்டிகள் குறைவாயினும் நிலைத்து நின்று பயன் தரும்.